விளம்பரத்துக்கு முந்தைய வேலை

புதிதாகக் கடை திறப்பவருக்கும், பல ஆண்டுகளாக நடத்திவரும் கடையில் வியாபாரம் சுருங்கிவிட்டதென்று கவலைப்படுபவருக்கும் ஊர் சொல்லும் யோசனை ஒன்றுதான்: நன்றாக விளம்பரம் செய்ய வேண்டும். சென்னையின் முகப்பேர், நொளம்பூர், பாடி, அம்பத்தூர் வட்டாரத்தில் திறப்பு விழா என்றாலே பிளெக்ஸ் பேனர், செய்தித்தாளுக்குள் செருகிய நோட்டீஸ், முதல் மூன்று நாளைக்குப் பாதி விலை, இப்போது அவற்றோடு ஓர் இன்ஸ்டாகிராம் ரீல் என்று ஒரு சடங்கே உருவாகிவிட்டது. வணிகத்தை வளர்க்கக் கற்றுத்தருவதாகச் சொல்லும் பயிற்சி வகுப்புகளிலும் பெரும்பாலானவை இந்தச் சடங்கை இன்னும் திறமையாகச் செய்வது எப்படி என்பதையே பாடமாக வைக்கின்றன. இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு கருத்து இருக்கிறது: பொருள் இருப்பது தெரிந்தால் மக்கள் வாங்குவார்கள், வாங்கவில்லை என்றால் அவர்களுக்குத் தெரியவில்லை என்றே கொள்ள வேண்டும், ஆகவே சந்தைப்படுத்தல் என்பது தெரியப்படுத்தும் கலை. இக்கட்டுரை மறுக்க எடுத்துக்கொள்வது இந்தக் கருத்தைத்தான். தெரியப்படுத்துவது சந்தைப்படுத்தலின் ஒரு கூறு. அதுவும் மற்றக் கூறுகள் தீர்மானமான பின்னரே பலன் தரும் கூறு. அவை தீர்மானமாவதற்கு முன் செய்யப்படும் விளம்பரம் வீணாவதோடு நிற்பதில்லை, நட்டத்தை விரைவுபடுத்தவும் செய்கிறது.

இந்தக் கருத்து இவ்வளவு பரவியிருப்பதற்குக் காரணம் எளிது. ஒரு நிறுவனம் வெற்றி பெறும்போது வெளியிலிருப்பவர் கண்ணில் படுவது அதன் விளம்பரம் மட்டுமே. யாருக்கு விற்பது என்று அந்த நிறுவனம் எடுத்த முடிவும், விலையை அமைப்பதற்குப் போட்ட கணக்கும், சரக்கைக் கடைவரை கொண்டுசேர்க்கச் செய்த ஏற்பாடும் நான்கு சுவருக்குள் நடந்தவை. கண்ணில் பட்டதையே காரணமாகக் கொள்வது மனித இயல்பு என்பதால், விளம்பரம் செய்தார்கள், வளர்ந்தார்கள் என்ற முடிவு தானாக அமைந்துவிடுகிறது. விளம்பரம் செய்தும் மூடப்பட்ட கடைகளைப் பற்றி எவரும் கதை சொல்வதில்லை. அவற்றின் பேனர்களை அடுத்த கடைக்காரரின் பேனர் மறைத்துவிடுகிறது.

சந்தைப்படுத்தல் ஒரு துறையாக வடிவம் பெற்ற காலத்து நூல்களைப் பார்த்தால், அதை உருவாக்கியவர்கள் இப்படி ஒருபோதும் கருதவில்லை என்பது விளங்கும். பீட்டர் டிரக்கர் 1954இல் எழுதிய மேலாண்மை நூலில், வாடிக்கையாளரை உருவாக்குவதே ஒரு தொழிலின் நோக்கம் என்று வாதிட்டார். சந்தைப்படுத்தலைத் தனியொரு பிரிவின் வேலையாகப் பார்க்காமல், வாடிக்கையாளர் பக்கமிருந்து பார்க்கும்போது தெரிகிற முழுத் தொழிலாகவே அவர் பார்த்தார். 1956இல் வெண்டல் ஸ்மித் சந்தைப் பகுப்பு என்ற கருத்தை முன்வைத்தார். வாங்குவோர் அனைவரும் ஒரே மாதிரியானவர்கள் என்று கொள்ளாமல், தேவையும் வாங்கும் திறனும் பழக்கமும் ஒத்திருப்பவர்களைத் தனித்தனிக் குழுக்களாகப் பிரித்துக் காண்பதே அது. 1960இல் ஜெரோம் மெக்கார்த்தி, ஒரு தொழில் தன் கட்டுப்பாட்டுக்குள் வைத்திருக்கும் முடிவுகளை நான்காகத் தொகுத்தார்: பொருள், விலை, இடம், ஊக்குவிப்பு. இங்கே இடம் என்பது கடையின் முகவரி மட்டுமாகாது. உற்பத்தியிலிருந்து வாங்குபவர் கைவரை சரக்கு செல்லும் வழி முழுவதையும் குறிக்கும். ஊக்குவிப்பு என்பது விளம்பரம், சலுகை, நேரடி விற்பனை போன்றவற்றின் பொதுப்பெயர். ஆக, வழக்கிலுள்ள கருத்து நான்கில் ஒன்றை, அந்த ஒன்றிலும் ஒரு கிளையை, முழுமையென்று எடுத்துக்கொண்டிருக்கிறது.

இதை ஏட்டுச் சுரைக்காய் என்று ஒதுக்குபவர்களுக்கு முகப்பேரின் பிறப்பே பதிலாக அமையும். 1977இல் உலக வங்கியின் உதவியோடு தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்திலும் அதைத் தொடர்ந்து வந்த திட்டங்களிலும், கட்டிமுடித்த வீட்டைக் கொடுப்பதற்குப் பதிலாகச் சாலை, தண்ணீர், வடிகால் ஆகிய வசதிகளோடு மனையைக் கொடுக்கும் முறை கையாளப்பட்டது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களைத் தொடர்ந்து முகப்பேரிலும் இந்த முறையில் குடியிருப்புகள் உருவாயின. அந்தத் திட்டத்தின் உயிர்நாடி சந்தைப் பகுப்புதான். பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர், குறைந்த வருவாய்ப் பிரிவினர், நடுத்தர வருவாய்ப் பிரிவினர் என்று வாங்குவோரைப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் தனி அளவில் மனை வகுக்கப்பட்டது; ஏழைகளுக்கான சிறிய மனைகளுக்குத் தவணை முறையில் பணம் கட்டும் வசதி இருந்தது; பெரிய மனைகளையும் வணிக மனைகளையும் கூடுதல் விலைக்கு விற்று, அந்த வருவாயைக் கொண்டு சிறிய மனைகளின் விலை தாழ்த்தப்பட்டது. ஒருவரிடம் கூடுதலாகப் பெற்றதை இன்னொருவரின் விலைக்குறைப்புக்குப் பயன்படுத்தும் இந்த ஏற்பாட்டைக் குறுக்கு மானியம் என்பார்கள். திட்டத்தை நடத்தியது அரசு என்பதால் இலாபம் அதன் நோக்கமாக இருக்கவில்லை. ஆனாலும் யாருக்கு, எந்த அளவில், எந்த விலையில், எப்படிக் கட்டும் வசதியோடு என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை கண்ட பிறகே மனைகள் கைமாறின. ஒரே அளவில், ஒரே விலையில் மனை போட்டு, அதை வானளாவ விளம்பரப்படுத்தியிருந்தால் நலிந்த பிரிவினர் ஒருவர்கூட உள்ளே வந்திருக்க முடியாது. தகவல் தெரியாததால் அவர்கள் வெளியே நின்றிருக்க மாட்டார்கள். விலை எட்டாததால் நின்றிருப்பார்கள்.

அப்படி உருவான ஊர் இன்று தரும் சந்தையும் ஒன்றாக இல்லை. முகப்பேரில் ஒரு மெஸ் தொடங்குபவர் எதிரே குறைந்தது மூன்று வகை மனிதர்கள் இருக்கிறார்கள். மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் மருத்துவமனைக்கு வெளியூர்களிலிருந்து வரும் நோயாளிகளின் உடனிருப்பவர்கள் சில நாள் மட்டும் தங்குபவர்கள்; காரம் குறைந்த சாப்பாடும், பார்சல் கட்டித்தரும் வசதியும், எந்த நேரத்திலும் கிடைக்கும் கஞ்சியும் வெந்நீரும் அவர்களுக்குப் பெரிது. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பட்டறைகளிலும் அலுவலகங்களிலும் ஷிப்ட் வேலை பார்த்துவிட்டு அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்களுக்கு மாதக் கணக்கும், வயிறு நிறையும் அளவும், இரவு பதினொரு மணிக்கும் திறந்திருக்கும் கதவும் முக்கியம். நெடுநாளாகக் குடியிருக்கும் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டும் வெளியே சாப்பிட வருபவை; உட்கார இடமும் வண்டி நிறுத்த இடமும் இல்லாத மெஸ்ஸுக்குள் அவை நுழையாது. மூவரையும் ஒரே கடையால் மகிழ்விக்க முடியாது. இவர்களுள் யாருக்காகத் தன் கடை என்று தீர்மானிப்பதையே இலக்குச் சந்தையைத் தேர்தல் என்கிறார்கள். தேர்ந்தவர் மனத்தில் போட்டியாளர்களிடமிருந்து வேறுபட்ட ஓர் இடத்தைப் பிடிப்பதை நிலைநிறுத்தம் என்கிறார்கள். இவ்விரண்டையும் செய்யாதவர் வைக்கும் பேனரில் "சுவையான, தரமான, நியாயமான விலையில்" என்று மட்டுமே எழுத முடியும். பக்கத்துக் கடையின் பேனரிலும் அதுவே இருக்கும். பேனரின் அளவைக் கூட்டி அந்தக் குறையைச் சரிசெய்ய வழியில்லை.

பெரிய விளம்பரம் செய்யாமலேயே இலக்கை மாற்றி வளர்ந்ததற்குச் சென்னையின் வணிக வரலாற்றில் நல்ல சான்று அருண் ஐஸ்கிரீம். ஆர்.ஜி. சந்திரமோகன் 1970இல் 13,000 ரூபாய் முதலீட்டில் ராயபுரத்தில் ஒரு சிறிய இடத்தில் குச்சி ஐஸ் தயாரித்துத் தள்ளுவண்டிகளில் விற்கத் தொடங்கினார். தாசப்பிரகாஷ், ஜாய், குவாலிட்டி போன்ற பெயர்கள் வேரூன்றியிருந்த நகரின் முக்கியக் கடைத்தெருக்களில் அந்தச் சிறிய தொழிலுக்கு இடம் கிடைக்கவில்லை. வழக்கிலுள்ள கருத்துப்படி, அவர் கடன் வாங்கியாவது அந்தப் பெயர்களுக்கு ஈடாகத் தன் பெயரை முழங்கியிருக்க வேண்டும். அவர் செய்ததோ வேறு: பெரிய பெயர்கள் பொருட்படுத்தாத கல்லூரி விடுதிகளையும் கேன்டீன்களையும், துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குச் சரக்கு வழங்குபவர்களையும் தேடிப் போனார், 1980களில் சென்னையை விட்டு வெளியேறி, போட்டியாளர்கள் எட்டிப் பார்க்காத சிறிய நகரங்களில் விற்பனையாளர்களை அமர்த்தினார். உருகும் பொருளைச் சென்னையிலிருந்து வெளியூருக்கு உருகாமல் கொண்டுசேர்ப்பதும், அங்கே அருணை மட்டுமே விற்கும் கடைகளை ஏற்படுத்துவதும்தான் அவருடைய உண்மையான முதலீடு. மெக்கார்த்தியின் சொற்களில் சொன்னால், மாறியது இடம், மாறியது இலக்கு. சிறிய நகரங்களில் வலுப்பெற்ற அந்தத் தொழில்தான் பின்னாளில் ஹட்சன் என்ற பெரிய பால் நிறுவனமாக விரிந்தது. பெயரை ஊரறியச் செய்யும் பெருஞ்செலவு வளர்ச்சியின் விளைவாக வந்ததே தவிர, வளர்ச்சிக்குக் காரணமாக முன்னே நிற்கவில்லை.

இதற்கு எதிராக எடுத்துக்காட்டப்படும் பெயர் சிக் ஷாம்பு. வானொலியில் திரைப்பட வசனங்களோடு ஒலித்த அதன் விளம்பரங்கள் நினைவில் நிற்பவை என்பதால், விளம்பரமே அதை வளர்த்தது என்று வாதிடுவோர் உண்டு. வரிசைமுறையை ஒழுங்காக அடுக்கிப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது. கடலூரில் சின்னி கிருஷ்ணன் திரவப் பொருள்களைச் சிறு உறைகளில் அடைத்து விற்கும் வழியைக் கண்டார்; உப்பையும் சர்க்கரையையும் வாங்க வழியுள்ள எளியவர்கள் பெரிய புட்டியில் வரும் பொருள்களை வாங்க முடியாமல் இருப்பதற்குக் காரணம் விருப்பமின்மை அன்று, ஒரே நேரத்தில் அவ்வளவு பணம் கையில் இல்லாமையே என்பது அந்த வழியின் அடிப்படை. அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு தனியே தொடங்கிய தொழில், அந்த உறையைக் கிராமங்களுக்குக் கொண்டுசென்றது. சோப்பு அல்லது சீயக்காயில் தலை குளித்துப் பழகியவர்களுக்கு ஷாம்பு என்றால் என்ன என்பதே புதிது என்பதால், ஊர் நடுவில் சிறுவர்களின் தலையை அலசிக் காட்டி, உலர்ந்த முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். காலி உறைகளைக் கொடுத்தால் புதிய உறை இலவசம் என்ற திட்டத்தின் மூலம், ஏற்கெனவே ஷாம்பு பயன்படுத்துபவர்களை அடையாளம் கண்டு தம் பக்கம் இழுத்தார்கள். பெண்கள் தலையில் சூடும் பூக்களின் மணத்தையே ஷாம்புக்குள் கொண்டுவரும் வகையில் மல்லிகை, ரோஜா மணங்களைச் சேர்த்தார்கள். பின்னர், 1999இல், ஐம்பது காசு உறையும் வந்தது. உறையின் அளவு பொருளைப் பற்றிய முடிவு; சில்லறைக்குள் அடங்கும் தொகை விலையைப் பற்றிய முடிவு; கிராமத்துப் பெட்டிக்கடை இடத்தைப் பற்றிய முடிவு. இந்த மூன்றும் முன்பே பொருந்தியிருந்ததால்தான் வானொலியில் கேட்டவர் எழுந்து போய், பக்கத்துப் பெட்டிக்கடையில், பையிலிருந்த சில்லறையைக் கொடுத்து அதை வாங்க முடிந்தது. அதே விளம்பரத்தைக் கேட்டுவிட்டு, நகரத்துக் கடையில் மட்டும் கிடைக்கும் பெரிய புட்டியை அவர் தேடிப் போயிருப்பாரா என்ற கேள்விக்கு எதிர்த்தரப்பில் பதில் இல்லை.

வரலாற்றை விட்டுக் கணக்குக்கு வந்தால் மறுப்பு இன்னும் கூர்மையாகும். முகப்பேரில் இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கும் ஒருவரைக் கற்பனையாக எடுத்துக்கொள்ளலாம். அரிசி, உளுந்து, மின்சாரம், கூலி, கவர், கடைக்காரரின் பங்கு எல்லாம் போக ஒரு பாக்கெட்டில் அவருக்கு நிற்பது எட்டு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விளம்பரத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் செலவிட்டதில் இருநூறு பேர் புதிதாக வாங்கினால், ஒருவரைக் கொண்டுவர ஐம்பது ரூபாய் ஆகியிருக்கிறது. இதற்கு வாடிக்கையாளரைப் பெறும் செலவு என்று பெயர். அவர் வாங்கும் ஏழாவது பாக்கெட்டில்தான் அந்த ஐம்பது ரூபாய் முழுதும் திரும்பும். மூன்று பாக்கெட்டோடு ஒருவர் நின்றுவிட்டால் அவரிடமிருந்து கிடைத்தது இருபத்து நான்கு ரூபாய், அவரால் நட்டம் இருபத்தாறு ரூபாய். இருநூறு பேரும் அப்படியே நின்றால் நட்டம் ஐயாயிரத்து இருநூறு. இந்த நிலையில் விளம்பரத்தை இரட்டிப்பாக்கினால் நட்டமும் இரட்டிப்பாகும். அதே வாடிக்கையாளர் வாரம் ஒரு பாக்கெட் வீதம் ஓராண்டு வாங்கினால் நானூற்றுப் பதினாறு ரூபாய் கிடைக்கும். ஒருவர் வாங்குவதை நிறுத்தும்வரை அவர் மூலம் கிடைக்கும் மொத்த இலாபத்தை வாடிக்கையாளரின் வாழ்நாள் மதிப்பு என்பார்கள். ஐம்பது ரூபாய் செலவு மலிவா, ஊதாரித்தனமா என்பதைத் தீர்மானிப்பது விளம்பரத்தின் தரம் அன்று; நான்காவது பாக்கெட்டை அவர் ஏன் வாங்குகிறார் அல்லது ஏன் வாங்கவில்லை என்பதே.

நான்காவது பாக்கெட்டை வாங்காததற்குரிய காரணங்கள் மாவுக்குள்ளும் கடைக்குள்ளும் இருக்கின்றன. காலையில் வாங்கியது மாலைக்குள் புளித்துப் பொங்கியிருக்கலாம்; தனியாக இருப்பவருக்கு ஒரு கிலோ அதிகமாகி, பாதி குப்பைக்குப் போயிருக்கலாம்; கடைக்காரரின் குளிர்ப்பெட்டியில் இடம் கிடைக்காததால் அவர் தேடிய இரவு எட்டு மணிக்குச் சரக்கே இல்லாமல் இருந்திருக்கலாம்; விற்காத பாக்கெட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளாததால் கடைக்காரர் பழைய சரக்கை முன்னால் தள்ளியிருக்கலாம். அரைக்கிலோ பாக்கெட், அரைத்த தேதியோடு நேரத்தையும் அச்சிடுவது, ரிட்டர்ன் எடுக்கும் ஒப்பந்தம், மாலையில் இரண்டாவது நடை சரக்கு ஆகிய தீர்வுகளில் ஒன்றுகூட விளம்பரத்தின் கீழ் வராது. அனைத்தும் சந்தைப்படுத்தலின் கீழ் வரும். ஏற்கெனவே வந்தவரை இழக்காமல் வைத்துக்கொள்ளும் இந்த வேலைக்குத் தக்கவைப்பு என்று பெயர். கடைவீதியில் இது யார் காதிலும் விழாத வேலை என்பதால்தான் வெளிப்படையான விளம்பரத்தின் முன் தோற்றுப்போகிறது.

விளம்பரத்தின் உடன்பிறப்பான தள்ளுபடிக்கும் இதே கணக்கு பொருந்தும். எண்பது ரூபாய் அடக்கமுள்ள பொருளை நூறு ரூபாய்க்கு விற்பவருக்கு நிற்பது இருபது ரூபாய். பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் விலைதான் பத்து சதவீதம் குறைகிறது, இலாபமோ பாதியாகிறது; பழைய இலாபத்தைத் தொட அவர் இரண்டு மடங்கு விற்க வேண்டும். ஆடித் தள்ளுபடியில் பெரிய ஜவுளிக் கடைகள் இதைத் தாங்குவதற்கு அவற்றின் கொள்முதல் அளவும், தேங்கிய சரக்கைப் பணமாக்கும் தேவையும் காரணம். கொள்முதலில் அந்தப் பேரம் பேச முடியாத தெருமுனைக் கடைக்காரர் அதைப் பார்த்துத் தானும் பலகை வைக்கும்போது, தன் முழு விலையில் வாங்கிக்கொண்டிருந்த பழைய வாடிக்கையாளருக்கும் சேர்த்தே தள்ளுபடி கொடுத்துவிடுகிறார்.

இறுதி நுகர்வோருக்கு நேரடியாக விற்காத தொழில்களுக்கு வந்தால் வழக்கிலுள்ள கருத்து முற்றிலும் பொருளிழந்துவிடுகிறது; முகப்பேருக்கு வடக்கே 1964இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பெரும்பகுதி அப்படிப்பட்ட தொழில்களாலானது. வாகன உதிரிபாகத்தைக் கடைந்து தரும் லேத் பட்டறைக்கு வாடிக்கையாளர் என்று இருப்பது ஓரிரு நிறுவனங்கள். அவற்றின் தேவையும் சொந்தத் தேவை அன்று. வாகனம் எவ்வளவு விற்கிறதோ அதைப் பொறுத்து எழுவது. இதை வழித்தேவை என்பார்கள். இந்தச் சந்தையில் ஆர்டரை வாங்கித்தருவது அளவில் பிசகாத தரமும், தவறாத டெலிவரித் தேதியும், கடனுக்குப் பொறுத்திருக்கும் திறனும்தான். நூறு ரூபாய் உடனே கிடைப்பதும் நூறு ரூபாய் நான்கு மாதம் கழித்துக் கிடைப்பதும் ஒரே விலை ஆகாது. குறு, சிறு தொழில்களுக்கு நாற்பத்தைந்து நாளுக்குள் பணம் தர வேண்டுமென்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னாலும், ஒரே வாடிக்கையாளரை நம்பியிருக்கும் பட்டறை அந்த உரிமையை வற்புறுத்திக் கேட்கத் துணிவதில்லை. அந்தப் பட்டறையின் சந்தைப்படுத்தல் சிக்கல் இரண்டாவது, மூன்றாவது வாடிக்கையாளரைத் தேடுவதில் இருக்கிறது. பேட்டை நுழைவாயிலில் வைக்கும் பலகையில் இல்லை.

இதே வட்டாரத்தின் பெரிய நிறுவனங்கள் காட்டும் சான்றும் அதுவே. பாடியில் 1966இல் உற்பத்தியைத் தொடங்கிய சுந்தரம் ஃபாஸ்னர்ஸ், 1990களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடிகளை வழங்கும் நிறுவனமாகி, அதன் சிறந்த சப்ளையருக்கான விருதைத் தொடர்ந்து பெற்றது. அதே பாடியின் சுந்தரம் கிளேட்டன் 1998இல் தரத்துக்கான டெமிங் பரிசை வென்றது. போல்ட்டும் பிற வாகனப் பாகங்களும் செய்யும் இந்த நிறுவனங்களின் பெயர், அவற்றைப் பொருத்திய வாகனங்களைச் சாலையில் ஓட்டும் பலருக்குத் தெரியாது. வாங்குபவர்களுக்கு, அதாவது உலகின் வாகன நிறுவனங்களின் கொள்முதல் துறைகளுக்கு, நன்றாகத் தெரியும். பிராண்ட் என்று சொல்லப்படுவது எத்தனை பேருக்குப் பெயர் தெரியும் என்ற எண்ணிக்கையில் அடங்குவதில்லை. வாங்க வேண்டியவர், சொன்ன சொல் காப்பாற்றப்படும் என்று நம்பிச் சோதிக்காமல் வாங்கும் நிலையே பிராண்ட்.

இவ்வளவையும் ஏற்பவர்களில் சிலர் நேர் எதிர் முனைக்குப் போய்விடுவதுண்டு: நல்ல சரக்கு தானே விற்கும், சந்தைப்படுத்தல் என்பதே தேவையில்லை என்பார்கள். இது முதல் கருத்தின் மறுபக்கமே தவிர மறுப்பு ஆகாது. இதுவும் சந்தைப்படுத்தலும் விளம்பரமும் ஒன்று என்று எண்ணித்தான் இரண்டையும் சேர்த்தே தூக்கி எறிகிறது. ராயபுரத்தில் செய்த ஐஸ்கிரீம் சென்னையின் கடைத்தெருவில் விலைபோகாதபோதும் அதே ஐஸ்கிரீம்தான். இந்தத் தரப்பு மேற்கோள் காட்டும் அண்ணாச்சி கடையும் அவர்களுக்கு எதிராகவே சாட்சி சொல்லும். அண்ணாச்சி போர்டு எழுதுவதைத் தவிர வேறு விளம்பரம் செய்வதில்லை என்பது உண்மை. ஆனால் தெருவில் யார் மாதச் சம்பளக்காரர், யார் தினக்கூலி என்று தெரிந்து, முன்னவருக்கு மாதக் கணக்கு நோட்டும் பின்னவருக்கு ஐம்பது கிராம் பருப்பும் வைத்திருக்கிறார்; சூப்பர் மார்க்கெட் திறக்காத காலை ஐந்தரை மணிக்குப் பாலோடு நிற்கிறார்; போன் செய்தால் பையனிடம் கொடுத்தனுப்புகிறார். சந்தைப் பகுப்பும் விலை அமைப்பும் இடமும் தக்கவைப்பும் முழுமையாக அங்கே நடைமுறையில் இருக்கின்றன. அவற்றின் பெயர்கள் மட்டுமே அந்தக் கடையில் இல்லை. பெயர் தெரிந்துகொள்வதால் வரும் பயன், ஒருவர் பழக்கத்தால் செய்வதை இன்னொருவர் கற்றுக்கொள்ளவும், கடை சரியும்போது எந்தக் கூறு சரிந்தது என்று பிரித்துப் பார்க்கவும் முடிவதே.

எஞ்சியிருக்கும் வலுவான எதிர்வாதம் இணைய விளம்பரத்தைப் பற்றியது. முகப்பேரிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் வசிக்கும், இன்ன வயதுள்ள, இன்னதில் ஆர்வமுள்ளவர்களுக்கு மட்டும் விளம்பரத்தைக் காட்ட முடிகிற இந்தக் காலத்தில், இலக்கைத் தேர்ந்தெடுக்கும் வேலையைத் தளங்களே செய்துவிடுகின்றன என்பது அந்த வாதம். இதில் ஒரு பாதி உண்மை. சிறிய தொகையில் விளம்பரம் செய்து, பலனை அளக்கும் வசதி இதற்கு முன் சிறு வணிகருக்குக் கிடைத்ததில்லை. ஆனால் தளம் கண்டுபிடித்துத் தருவது விளம்பரத்தைத் தொடக்கூடியவரை. மீண்டும் மீண்டும் வாங்கக்கூடியவரை அன்று. அந்த இரண்டாவது மனிதர் யார் என்பதை வணிகர்தான் தளத்துக்குச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல அவருக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும். அத்துடன், இந்த விளம்பர இடங்கள் ஏல முறையில் விற்கப்படுகின்றன; அதே தெருவின் அடுத்த கடைக்காரரும் அதே மூன்று கிலோமீட்டரை ஏலம் கேட்கும்போது செலவு ஏறும். ஒரு வாடிக்கையாளரிடமிருந்து நெடுங்காலத்தில் அதிகம் பெறக்கூடியவரே அந்த ஏலத்தில் நீடிக்க முடியும். ஆகவே, புதிய கருவி பழைய கேள்விகளை நீக்கிவிடவில்லை. விடை தெரியாதவரை முன்பைவிட வேகமாகத் தண்டிக்கிறது.

விளம்பரமே வேண்டாம் என்பது இந்த வாதங்களின் முடிவாகாது. தன் வாடிக்கையாளர் யார் என்று தெரிந்தவரும், அவர் ஏன் திரும்ப வருகிறார் என்று சொல்லக்கூடியவரும், ஒருவரைக் கொண்டுவர எவ்வளவு செலவிடலாம் என்று கணக்கிட்டவரும், கூடுதலாக வருபவர்களுக்குச் சரக்கு தரக்கூடியவரும் விளம்பரத்துக்குத் தயங்க வேண்டியதில்லை. அவர் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் ஏற்கெனவே இயங்கும் ஓர் ஏற்பாட்டைப் பெரிதாக்கும். இந்த நான்கில் ஒன்றுக்கேனும் விடை இல்லாதவருக்கு, விளம்பரத்துக்கென்று ஒதுக்கிய தொகையில் கால் பங்கைக் கொண்டு, ஒரு முறை வந்து மீண்டும் வராத முப்பது பேரைத் தேடிப் பிடித்து, ஏன் வரவில்லை என்று கேட்பதே அதிக ஆதாயம் தரும். அந்த முப்பது விடைகளில் பொருளைப் பற்றியும் விலையைப் பற்றியும் இடத்தைப் பற்றியும் குறைகள் வரும். உங்கள் கடை இருப்பதே தெரியாது என்ற விடை மட்டும் வராது, ஏனெனில் அவர்கள் ஏற்கெனவே வந்து போனவர்கள். வணிகம் சரியும்போதெல்லாம் தெரியாமையையே காரணமாகச் சொல்லும் கருத்து உடைவது அங்கேதான்.